அத்தியாயம் 9: பழைய மில் வாக்குவத்தை வீட்டுக்குப் பொருத்துதல்

ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு ஹோஸைப் பிடித்து வீட்டைச் சுத்தம் செய்ய எவ்வளவு சக்தி வேண்டும்? கணக்குப் போட்டால் ஒன்றேகால் குதிரைச் சக்திக்குள் அடங்கிவிடும். மில்லிலிருந்து வரும் பழைய வாக்குவத்தில் 5, 7.5, சில சமயம் 15 குதிரைச் சக்தி மோட்டார் உட்கார்ந்திருக்கும். நாலைந்து ஆட்கள் நாலைந்து ஹோஸ்களைப் பிடித்து மூன்று ஷிஃப்ட் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது அது. இந்த வேலையில் பாதிதான் பழுது பார்ப்பது. மீதிப் பாதி, இயந்திரத்தை வீட்டின் அளவுக்குக் குறைப்பது. அதை மறந்தவர்கள் கொல்லையில் ஒரு மில்லை நிறுவிவிட்டு, கரண்ட் பில்லையும் பக்கத்து வீட்டுக்காரரின் கோபத்தையும் சேர்த்துச் சம்பாதிக்கிறார்கள்.

ஓரிடத்தில் நிற்கும் இயந்திரம் குழாய் வழியாக வீடு முழுவதும் உறிஞ்சும் சென்ட்ரல் வாக்குவம் ஏற்பாடு, திருவண்ணாமலையின் பழைய வீடுகளுக்கு இயல்பாகப் பொருந்தும். மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை என்று ஒரே கோட்டில் போகும். இயந்திரம் கொல்லையில் இருக்கலாம், ஒரே ஒரு குழாய் வீட்டின் நீளத்துக்கு ஓடினால் போதும். கையில் இழுத்துச் செல்லும் வாக்குவம் கிளீனர், பையில் தங்காத நுண்தூசியைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடும். சென்ட்ரல் வாக்குவம் அதை வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டம் கிளப்பும் மண் தூசியும், கற்பூரக் கரியும் வீட்டுக்குள் படியும் ஊரில், வீட்டில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருந்தால், இந்த ஒரு காரணமே போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

மில்லுக்குரிய பொருளை வீட்டில் வைப்பதா என்று தயங்க வேண்டாம். இயந்திர சக்தியில் ஓடும் வாக்குவத்தின் வரலாறே பெரிய இயந்திரத்தில்தான் தொடங்குகிறது. 1901இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் காப்புரிமை பெற்ற இயந்திரத்தைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து தெருவில் நிறுத்துவார்கள், ஹோஸ் மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். 1902இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஃப்ரிக் கட்டடத்தில் டேவிட் கென்னி சுவருக்குள் குழாய் பதித்த ஏற்பாட்டைப் பொருத்தினார். தேவாலய ஆர்கன் வாத்தியங்களுக்குக் காற்று ஊதும் இயந்திரம் செய்துகொண்டிருந்த ஸ்பென்சர் நிறுவனம், அதே பல தட்டு டர்பைனை மறுபக்கம் திருப்பி வாக்குவமாக விற்றது. ஸ்பாங்ளர் வடிவமைத்து ஹூவர் விற்ற கைவாக்குவம் 1908இல்தான் வருகிறது. நம் ஊரில் வீடு வீடாக வாக்குவம் கிளீனரைக் கொண்டுபோன யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கியதோ 1982இல். அதற்கு வெகுகாலம் முன்பே நம் பஞ்சாலைகளில் சக்‌ஷன் குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

திருவண்ணாமலைக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆரணி அரிசி ஆலைகள். பக்கத்தில் இருக்கிறது, பழைய ப்ளோயர்கள் கழித்துக் கட்டப்படும்போது மலிவாகவும் கிடைக்கும். வாங்காதீர்கள். உமியையும் தவிட்டையும் பிரிக்கும் ஆஸ்பிரேட்டர் விசிறி நிறையக் காற்றை மெதுவான இழுப்பில் நகர்த்துவதற்கானது. அதன் இழுவிசை 100 முதல் 300 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம்தான் இருக்கும். நமக்கு வேண்டியது 1,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல். அகலமான தகரக் குழாயில் மலை போலத் தவிட்டைத் தூக்கும் அந்த விசிறி, இரண்டு அங்குலக் குழாயின் முனையில் ஒரு கைக்குட்டையைக்கூடப் பிடித்து வைக்காது.

அச்சகங்களில் காகிதம் தூக்கப் பயன்படும் கார்பன் வேன் பம்பு இதற்கு நேர் எதிர்: இழுப்பு பலமாக இருக்கும், காற்றின் அளவு போதாது. பால் கறக்கும் இயந்திரத்தின் பம்பும் அதே கதை. இரண்டு உருளைகள் ஒன்றையொன்று கடித்துச் சுழலும் ரூட்ஸ் ப்ளோயரில் இழுப்பும் உண்டு, காற்றும் உண்டு. ஆனால் வாயை அடைத்தால் சூடேறி இறுகிப்போகும், ரிலீஃப் வால்வு இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, சத்தமும் பயங்கரம். 5 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட ரூட்ஸ் ப்ளோயர் இலவசமாகக் கிடைத்தாலும் வீட்டுக்கு வேண்டாம் என்பது என் முடிவு.

நாம் தேடுவது பல தட்டு டர்பைன். ஒரே ஷாஃப்டில் மூன்று முதல் எட்டு இம்பெல்லர் தட்டுகள் வரிசையாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் படுக்க வைத்த பீப்பாய், ஒரு நுனியில் மோட்டார். 400 முதல் 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டு 2,900 சுற்றில் ஏறக்குறைய 250 முதல் 400 மில்லிமீட்டர் இழுப்பைத் தரும். தட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்த இழுப்பு தோராயமாகத் தெரிந்துவிடும். இவை கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்துப் பஞ்சாலைகளிலிருந்து வரும். ஸ்பின்னிங் பகுதியின் சுவரோரம் ஹோஸ் செருகும் வாய்கள் வைத்து மெஷின்களைச் சுத்தம் செய்ய இவற்றை வைத்திருப்பார்கள். 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலத்திலிருந்து கோவையில் ஆலைகள் திறப்பதும் மூடுவதும் நடந்துகொண்டே இருப்பதால், காயலாங்கடைகளில் இந்தச் சரக்கு வற்றுவதில்லை. ஒரு எச்சரிக்கை: நூற்பு மெஷினுக்கு அடியிலேயே இருக்கும் பஞ்சு உறிஞ்சும் விசிறியும் அதே குவியலில் கிடக்கும். அது ஒற்றைத் தட்டு, இழுப்பு குறைவு.

அயல்நாட்டு இயந்திரம் கிடைத்தால் பெயர்ப் பலகையில் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். காற்று வேகத்தோடு நேராகக் குறையும், இழுப்பு வேகத்தின் வர்க்கத்தில் குறைந்து 69 சதவீதமாகும். 1,500 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது இங்கே 1,040தான். வீட்டுக்கு அது குறையில்லை, வரம்.

கடையில் நின்றே பார்க்க வேண்டியவை

“நல்லா ஓடிட்டிருந்த மிஷினுங்க, மில்லு மூடினதால வந்துச்சு” என்று கடைக்காரர் சொல்வார். பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் மில் மூடி எத்தனை மழைக்காலம் வெளியில் கிடந்தது என்று அவர் சொல்ல மாட்டார், நாமும் கேட்பதில்லை. “அண்ணே, இன்லெட் மூடி இருந்துச்சா, திறந்து கிடந்துச்சா?” என்று கேளுங்கள். திறந்து கிடந்தால் உள்ளே தண்ணீர், எலி, குளவிக்கூடு எல்லாம் இருக்கும்.

ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். சீராகச் சுற்றி மெல்ல நின்றால் நல்லது. கரகரத்தால் பேரிங், அதை மாற்றிவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் உரசினால் ஷாஃப்ட் வளைந்திருக்கும் அல்லது தட்டு நகர்ந்திருக்கும், விலையைப் பாதியாகக் கேளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது. வார்ப்பிரும்பு உடம்பில் கீறல் இருக்கிறதா என்று போல்ட் துளைகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

மின்சாரம் கொடுத்து ஓட்டிக் காட்டச் சம்மதித்தால், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் ஒன்றைக் கொண்டுபோங்கள். இந்த வேலை முழுவதற்கும் அதைவிட நல்ல கருவி கிடையாது. இரண்டரை மீட்டர் உயரமுள்ள பலகையில் யூ வடிவில் அறைந்து, பாதி உயரத்துக்கு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அடைத்த இன்லெட்டில் செருகுங்கள். மற்ற முனை திறந்திருக்கட்டும். இரு பக்கத் தண்ணீருக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம்தான் இழுப்பு. 1,000 மில்லிமீட்டரைத் தாண்டினால் வண்டி பேசலாம். சில வினாடிகள் போதும், டர்பைனை நெடுநேரம் வாயடைத்து ஓட்டக் கூடாது. எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்தால் உடனே கழித்துவிடாதீர்கள். இந்த வகை டர்பைன் தலைகீழாகச் சுற்றினாலும் அதே பக்கமிருந்துதான் இழுக்கும், பலம் மட்டும் இருக்காது. இரண்டு பேஸ் வயர்களை மாற்றிப் போட்டு மறுபடி பாருங்கள். “தேய்ந்துபோச்சு” என்று கழிக்கப்பட்டவற்றில் சில இப்படிப்பட்டவை.

பிரித்தலும் துடைத்தலும்

பிரிக்கும் முன் சென்டர் பஞ்சால் ஒவ்வொரு பாகத்திலும் குறி போடுங்கள். முதல் தட்டுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு. தட்டுகளையும் அவற்றுக்கு இடையிலுள்ள திருப்பு வளையங்களையும் இடம் மாற்றிப் போட்டால் இயந்திரம் நடுங்கும். ஷாஃப்டில் தட்டு எந்தக் கோணத்தில் இருந்தது என்பதும் முக்கியம், ஒரு நேர்க்கோடு கீறி வையுங்கள். துருப்பிடித்த போல்ட்டுகளில் ஊடுருவும் எண்ணெயை முந்தின இரவே விட்டு வைக்க வேண்டும். பேரிங்கைப் புல்லரால் இழுங்கள். சுத்தியல் எடுத்தால் அலுமினியத் தட்டு நெளியும், நெளிந்த தட்டை மறுபடி நேராக்கவே முடியாது.

ஏதாவது உரிப்பதற்கு முன்பு இரண்டு சங்கதி. பழைய இயந்திரப் பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, உலர்வாகத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, கழிவை ஒரு தாளில் சேர்த்துக் கட்டுங்கள். ஃபிளேஞ்சுகளுக்கு இடையில் வெள்ளையாக நார் நாராக ஒரு கேஸ்கெட் அல்லது கயிறு இருந்தால் அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக நனைத்து, உடையாமல் எடுத்து, இரட்டை பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, குழந்தைகள் கை படாத இடத்தில் வையுங்கள். வயர் பிரஷ் வேண்டாம், காற்றடித்து ஊதவும் வேண்டாம். அந்த இடத்தில் ரப்பர் ஷீட் கேஸ்கெட் வெட்டிப் போடலாம், நம் வேலைக்குச் சூடு அவ்வளவு இல்லை.

பஞ்சாலையிலிருந்து வந்ததன் உள்ளே எண்ணெயும் பஞ்சுத்தூசியும் சேர்ந்து நமத்துப்போன கம்பளம்போல ஒட்டியிருக்கும். எளிதில் தீப்பிடிப்பது அது. வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் முழுவதும் எடுத்துவிட வேண்டும். சலவை சோடா கரைத்த வெந்நீர் எண்ணெயை இளக்கும், ஆனால் அலுமினியத் தட்டை அதில் ஊற வைத்தால் அரிக்கும். தட்டுகளுக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் நைலான் பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தட்டின் இறகுகளுக்கு இடையில் ஒரு மூலையில் மட்டும் அழுக்கு மிஞ்சினாலும் எடைச் சமநிலை கெடும், டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாம் சுத்தமானதும் ஷாஃப்டையும் தட்டுகளையும் ஒன்றாகப் பூட்டி, டைனமிக் பேலன்சிங் செய்யும் பட்டறைக்கு அனுப்புங்கள். விசிறிகளுக்கு வழக்கமான தரம் ஜி 6.3. இந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். 2,900 சுற்றில் சில கிராம் எடை வித்தியாசம் பேரிங்கை மாதக் கணக்கில் தின்று தீர்த்துவிடும்.

பேரிங் எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 6308 என்றால் 40 மில்லிமீட்டர். சூடாகும் இடம் என்பதால் சி3 இடைவெளி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். திறந்த பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குப் போதும். நிரப்பி அடைத்தால் கிரீஸே சூடேறும்.

மோட்டாரும் மின்சாரமும்

கோவையில் 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மோட்டாரைச் செய்த பிறகு, தமிழ்நாட்டில் பழைய மோட்டாருக்கு ஆள் தேடி அலைய வேண்டிய நிலை வந்ததே இல்லை. திருவண்ணாமலையில் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் வைண்டிங் கடை எதிலும் இந்த வேலை நடக்கும். கொடுக்கும் முன் 500 வோல்ட் மெகர் வைத்துக் காயிலுக்கும் உடம்புக்கும் இடையே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஈரம்தான் காரணமென்றால், மூடிய பெட்டியில் பல்பு எரியவிட்டு ஒன்றிரண்டு நாள் மிதமான சூட்டில் காய வைத்தாலே ஏறிவிடும். ஏறாவிட்டால் புதுக் காயில். அப்போது எஃப் கிளாஸ் இன்சுலேஷன் கேளுங்கள், பழைய ஏ அல்லது ஈ கிளாஸைவிட வெப்பம் தாங்கும். கத்திரி வெயிலில் கொல்லை அறைக்குள் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது.

இங்கேதான் குறைத்தல் என்ற பாதி வருகிறது. டர்பைன் உடம்பு நன்றாக இருந்து மோட்டார் 7.5 அல்லது 10 குதிரைச் சக்தியாக இருந்தால், அந்த மோட்டாரை விற்றுவிட்டு 3 குதிரைச் சக்தி மோட்டார் போடலாமா? போடலாம், ஒரு நிபந்தனையோடு. டர்பைனில் காற்று குறையக் குறைய மோட்டாரின் சுமையும் குறையும். ஒரே ஹோஸ் வழியாக ஓடும்போது சிறிய மோட்டாரே தாங்கும். ஆனால் யாராவது குழாயைக் கழற்றி இன்லெட்டைத் திறந்துவிட்டால் சுமை ஏறி ஓவர்லோடு ஆகும். ஆகவே இன்லெட்டில் காற்று வழியைக் குறுக்கும் ஒரு நிரந்தர வளையம் பொருத்த வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போதும் வாய் மூடியிருந்தால் மோட்டாருக்கு எளிது. ரூட்ஸ் ப்ளோயருக்கு இது நேர் எதிர், வாயைத் திறந்து வைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்னொரு வழி வி.எஃப்.டி. டிரைவ். வேகத்தைக் குறைத்தால் சக்தி வேகத்தின் கனத்தில் குறையும்: 80 சதவீத வேகத்தில் சக்தி பாதி. ஒற்றை பேஸ் இணைப்புள்ள வீட்டில் 230 வோல்ட் டிரைவ் வைத்து மூன்று பேஸ் மோட்டாரை ஓட்ட முடியும் என்று கடையில் சொல்வார்கள். அது 3 குதிரைச் சக்தி வரைக்கும் பெரும்பாலும் சரி. அந்த அளவு மோட்டார்கள் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டப்பட்டிருக்கும், ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால் டெல்டாவுக்கு மாற்றி 230 வோல்ட்டில் ஓட்டலாம். 5 குதிரைச் சக்தியும் அதற்கு மேலும் ஏற்கெனவே டெல்டாவில் 415 வோல்ட்டுக்கு இருக்கும். அவற்றுக்கு இந்த வித்தை பலிக்காது. டிரைவை வைத்து வேகத்தை 50 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றவும் கூடாது, பழைய தட்டுகள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

வீட்டின் மொத்தச் சுமை 4 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்று பேஸ் இணைப்பு வேண்டும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் சுமைக்கு எழுதிக் கொடுங்கள், வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். ஓவர்லோடு ரிலே, ஒரு பேஸ் போனால் நிறுத்தும் பிரிவென்டர், தனி எர்த் மூன்றும் கட்டாயம். சுவர் வாய்களில் வரும் சுவிட்சு 24 வோல்ட்டில் கான்டாக்டரை இயக்கட்டும், ஈரக் கையோடு குழந்தை தொட்டாலும் ஆபத்தில்லை. செலவு விஷயம்: 5 குதிரைச் சக்தி மோட்டார் முழுச் சுமையில் தினம் அரை மணி ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 130 யூனிட். முதல் 100 யூனிட் இலவசத்தை அது ஒன்றே விழுங்கிவிடும். 3 குதிரைச் சக்தியாகக் குறைப்பதன் அருமை இங்கே தெரியும்.

குழாய்

பெரிய குழாய் நல்லது என்று பிளம்பர் சொல்வார். தண்ணீருக்குச் சரி. தூசிக்குத் தவறு. தூசி குழாயில் படியாமல் பயணிக்க வினாடிக்கு 20 மீட்டர் அளவில் காற்று ஓட வேண்டும். 38 மில்லிமீட்டர் ஹோஸ் வழியாக நமக்குக் கிடைக்கும் காற்று மணிக்கு 125 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 46. அதில் இந்தக் காற்று வினாடிக்கு 21 மீட்டர் வேகத்தில் போகும். 63 மில்லிமீட்டர் குழாயில் போட்டால் வேகம் 12, 13க்கு இறங்கி, கூடத்து மணலும் கோலப்பொடியும் கிடைமட்டக் குழாயிலேயே படுத்துக்கொள்ளும்.

இழுப்பு எங்கே செலவாகிறது என்று பார்த்தால் இன்னொன்று புரியும். 50 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்கு 11 மில்லிமீட்டர் இழுப்பைத் தின்னும், 15 மீட்டருக்கு 165. வளைவுகளுக்கு 50 போடுங்கள். சைக்ளோனுக்கும் பைக்கும் 200. தரையில் உரசும் வாய்க்கு 100. மடிப்புள்ள 9 மீட்டர் ஹோஸ் ஒன்று மட்டும் 530 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மொத்தம் 1,050க்குப் பக்கம். மணிக்கு 125 கன மீட்டர் காற்றை இந்த இழுப்பில் நகர்த்த, டர்பைனின் திறன் 40 சதவீதம் என்றாலும் 900 வாட்டுக்குள்தான் வரும். முதல் வரியில் சொன்ன ஒன்றேகால் குதிரைச் சக்தி இதுதான். இழுப்பு போதவில்லை என்று தோன்றினால் மோட்டாரை மாற்ற ஓடாதீர்கள், ஹோஸை 6 மீட்டராக வெட்டிப் பாருங்கள். 38க்குப் பதில் 32 மில்லிமீட்டர் ஹோஸ் போட்டால் அதே காற்றுக்கு இழப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும்.

குழாய் வளையும் இடத்தில் எல்லாம் லாங் பெண்ட், கிளை சேரும் இடத்தில் ஒய். கிளை, மெயின் குழாயின் பக்கவாட்டிலோ மேலிருந்தோ சேர வேண்டும், அடியிலிருந்து சேர்ந்தால் தூசி அதற்குள் இறங்கும். சுவர் வாய்க்குப் பின்னால் வரும் முதல் வளைவு மட்டும் வேண்டுமென்றே குறுகலான எல்போவாக இருக்கட்டும். பென்சில், அகர்பத்திக் குச்சி, விளையாட்டுச் சாமான் எதுவானாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும், கை விட்டு எடுத்துவிடலாம். சால்வென்ட் சிமென்டைச் செருகும் குழாயின் வெளிப்பக்கம் மட்டும் தடவுங்கள். உள்ளே வழிந்து காய்ந்த கட்டியில்தான் தலைமுடி சிக்கத் தொடங்கும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரில் குழாய்க்காகக் காடி வெட்டாதீர்கள், காரை பொலபொலவென்று உதிர்ந்து வெட்டிய அளவைவிட மூன்று மடங்கு பெயரும். பரண் வழியாகவோ, வெளிச்சுவரில் சன்ஷேடுக்கு அடியிலோ கொண்டுபோவதே நல்லது. வெளியே போனால் இரண்டு எதிரிகள்: வெயிலும் குரங்கும். வெயிலுக்குப் பெயிண்ட் அடிக்கலாம். செங்கம் சாலைப் பக்கமும் மலையடிவாரத் தெருக்களிலும் குடியிருப்பவர்களுக்குக் குரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொங்கும் குழாய் எதுவும் அதற்கு ஊஞ்சல்தான், அடிக்கொரு இரும்பு கிளாம்பு போடுங்கள். பி.வி.சி.யில் ஓடும் தூசி நிலைமின்சாரம் கிளப்பும். குழாயோடு ஒரு வெற்றுச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டுபோய் எர்த்தில் சேர்த்தால் ஹோஸைத் தொடும்போது சுரீர் என்று அடிப்பது குறையும்.

சைக்ளோனும் பையும்

காற்று முதலில் சைக்ளோனுக்குள், பிறகு துணிப் பைக்குள், கடைசியாக டர்பைனுக்குள். இந்த வரிசை மாறக் கூடாது. தூசியோடு காற்று நேராக டர்பைனுக்குப் போனால் கோலப்பொடியில் கலந்த கல்மாவு இறகுகளை உப்புத்தாளாகத் தேய்க்கும். நம் அளவுக்கு 200 மில்லிமீட்டர் விட்ட சைக்ளோன் போதும், தகர வேலை செய்பவர் 20 கேஜ் ஜி.ஐ. தகட்டில் செய்து தருவார். அடியில் இருக்கும் தொட்டிக்குப் பெயிண்ட் பக்கெட் வைக்காதீர்கள். 1,000 மில்லிமீட்டர் இழுப்பில் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் 125 கிலோ எடை உட்கார்ந்தது மாதிரி காற்று அழுத்தும், பிளாஸ்டிக் நசுங்கும். தடித்த இரும்பு டிரம் வேண்டும்.

பைக்கு மில்லின் பழைய பருத்தித் துணியை விட்டுவிட்டு ஊசிக்குத்து பாலியெஸ்டர் ஃபெல்ட் வாங்குங்கள். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று என்ற கணக்கில் இரண்டு சதுர மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். 15 சென்டிமீட்டர் விட்டம், 90 சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து பைகள்.

கார்த்திகை மாதத்துக்கென்று ஒரு தனி விதி. அகல் திரி, கற்பூரத் தட்டு, ஊதுபத்திச் சாம்பல், ஹோமகுண்டத்துச் சாம்பல் எதையும் இதில் இழுக்காதீர்கள். அணைந்ததாகத் தெரியும் திரிக்குள் பொறி உயிரோடு இருக்கும். குழாயில் வினாடிக்கு 20 மீட்டர் காற்று அதை ஊதி வளர்த்துத் துணிப் பையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பை எரியத் தொடங்குவது கொல்லையில், யாரும் பார்க்காத நேரத்தில். சாம்பலுக்கு முறமும் துடைப்பமும்தான். எண்ணெய் சிந்திய தரையையும் முதலில் துடைத்துவிட்டுத்தான் ஹோஸ் எடுக்க வேண்டும். எண்ணெய் கலந்த தூசி ஃபெல்ட்டை அடைத்தால் கழுவினாலும் போகாது.

சத்தமும் இடமும்

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் 50, 40. கோயிலும் ஆசிரமங்களும் உள்ள ஊரில் இதை மதிப்பது சட்டத்துக்காக மட்டும் அல்ல. பல தட்டு டர்பைன் ஊளையிடும், ஊளையில் பெரும்பகுதி வெளியேற்றும் குழாய் வழியாகத்தான் வரும். அந்தக் குழாயைத் துளையிட்ட தகட்டுக்குப் பின்னால் கண்ணாடி கம்பளி வைத்த பெட்டிக்குள் விட்டு, அடுத்த வீட்டுக்கு எதிர்த் திசையில் மேல்நோக்கித் திருப்புங்கள். அறைக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இயந்திரத்தின் அடியில் ரப்பர் பேட், குழாய் சேரும் இடத்தில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ். அறையைச் சத்தத்துக்காக முழுவதும் அடைத்துவிட்டால் மோட்டார் வேகும், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்றுத் திறப்பு விட வேண்டும்.

முதல் ஓட்டம்

எல்லாச் சுவர் வாய்களையும் மூடி ஸ்டார்ட் செய்யுங்கள். இயந்திரத்தின் பக்கத்திலும் கடைசி வாயிலும் லெவல் டியூப் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு காட்டினால் குழாயில் கசிவு இல்லை. கடைசி வாயில் குறைந்தால் வழியில் காற்று உள்ளே போகிறது. சோப்பு நுரை இங்கே உதவாது, நுரை உள்ளேதான் போகும். ஊதுபத்திப் புகையை இணைப்பின் அருகே பிடித்தால் புகை எங்கே வளைகிறது என்று காட்டிக் கொடுக்கும், நெருப்பு நுனியை மட்டும் தள்ளி வையுங்கள்.

பிறகு ஒரு வாயில் ஹோஸைச் செருகி ஓட்டி, கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸ்களிலும் ஆம்பியர் பார்த்து மோட்டாரின் பெயர்ப் பலகையோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக, பலகையில் இருப்பதற்குக் கீழே இருக்க வேண்டும். 3 குதிரைச் சக்திக்கு 415 வோல்ட்டில் அது சுமார் 5 ஆம்பியர். ஹோஸை அடைத்து இரண்டு நிமிடம் ஓட்டும்போது டர்பைன் உடம்பு கையில் சுடத் தொடங்கினால், இயந்திரம் நம் வீட்டுக்கு இன்னும் பெரிதாகவே இருக்கிறது என்று அர்த்தம். மெயின் குழாயில் ஒரு ஸ்பிரிங் வால்வு வைத்து, இழுப்பு 1,200 மில்லிமீட்டரைத் தாண்டும்போது தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும்படி திருகி நிறுத்துங்கள்.

பைகளை வாரம் ஒருமுறை, இயந்திரம் நின்றிருக்கும்போது உதறுங்கள். பைக்கு முன்னும் பின்னும் லெவல் டியூப் வைத்தால் வித்தியாசம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகும்போது உதற வேண்டிய நேரம் என்று தெரிந்துவிடும். முதல் மாதம் முடிந்ததும் வெளியேற்றும் பக்கத்துப் பெட்டியைத் திறந்து விரலால் துடைத்துப் பாருங்கள். சாதாரணத் தூசி விரலில் ஒட்டினால் பையில் எங்கோ கிழிசல். பளபளக்கும் பொடி இருந்தால் தட்டு உரசுகிறது. அன்றே நிறுத்திவிட்டு, சென்டர் பஞ்சால் போட்ட குறிகளைப் பார்த்து மறுபடி பிரிக்கத் தொடங்க வேண்டியதுதான்.